பதினான்கு வளைவுகளும் மூன்று கூடை நண்டும்

கியர்த்தண்டின் பக்கவாட்டில், கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் ஒரு சிறு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால், சமதளத்தில் ஓசையின்றி ஓடுவதற்கான மேல் கியரான ஓவர்டிரைவ் அணைந்துவிடும். முகப்பில் மஞ்சள் விளக்கொன்று எரியும். இடது கணுக்கால் முறிந்து, கிளட்சை மிதிப்பது ஆகாதென்று மருத்துவர் சொன்ன பிறகு, தானாகவே கியர் மாறும் இந்தப் பழைய வண்டியை வாங்கினேன். அனுப்பம்பட்டிலிருந்து பொன்னேரிப் பள்ளிக்கும், மனைவியின் ஊரான கோட்டைக்குப்பத்துக்கும் போய்வரும் எனக்கு அந்தப் பொத்தானால் யாதொரு பயனும் இருந்ததில்லை. எங்கள் பக்கத்தில் மேடு என்று சொல்லத் தக்கவை ரயில்வே மேம்பாலமும் பழவேற்காட்டு ஏரியைக் கடக்கும் பாலமும்தான். ஆனாலும் வண்டியோடு வந்த கையேட்டை இருமுறை படித்திருந்தேன். சுமையோடு செங்குத்தான சாலையில் ஏறுவதானால், ஏற்றம் தொடங்குமுன்பே அதை அணைத்துவிட வேண்டும். இயந்திரம் திணறிய பின்பு அணைப்பது காலங்கடந்த செயல். அவ்வளவுதான் செய்தி.

அந்தச் செய்திக்கு வேலை வந்தது, என் மைத்துனன் ஏலகிரிக்கு நண்டு கொண்டுபோன நாளில். அவன் என் மனைவியின் தம்பி. சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கிறான். ஏரியில் பிடிக்கும் நண்டை அதுவரை பழவேற்காட்டு வியாபாரியிடமே கொடுத்துவந்தான். இது பெரிது, இது சொத்தை என்று அவர் பிரிப்பதைக் கைகட்டிப் பார்த்து நிற்பதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. மலைமேல் ஒரு விடுதியின் சமையற்காரர், நண்டு உயிரோடும் முழுக் கொடுக்கோடும் வந்து சேர்ந்தால் வாரந்தோறும் அவனிடமே வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். முதல் நடையே பழுதானால் இரண்டாவது நடை இல்லை. அவனுக்கு வண்டி இல்லை. எனக்கு அன்று விடுமுறை.

விடியலில் புறப்பட்டோம். பின் இருக்கைகளை மடக்கி, ஈரச்சாக்கு போர்த்திய மூன்று கூடைகளை ஏற்றியிருந்தோம். சாக்கு காயாமல் தெளிப்பதற்கு இரண்டு கேன்களில் ஏரித் தண்ணீர். மைத்துனனால் உட்கார முடியவில்லை. ராணிப்பேட்டைக்கு வருமுன் மூன்று முறை வண்டியை நிறுத்தச் சொன்னான். ஒவ்வொரு முறையும் சாக்கை விலக்கி, நண்டுகளின் கண்ணை விரல்நுனியால் தொட்டுப் பார்த்தான். கண் உள்ளே இழுத்துக்கொண்டால் உயிர் இருக்கிறது. வேலூர் தாண்டியதும், கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று சொல்லி ஓட்டுநர் இருக்கையைக் கேட்டு வாங்கினான். மீன் ஏற்றும் சிறு வண்டிகளை ஓட்டிப் பழகியவன்தான். சமதளத்தில் பிசகின்றி ஓட்டினான்.

மலையடிவாரத்தில் நான் கை நீட்டிப் பொத்தானை அழுத்தினேன். மஞ்சள் விளக்கு எரிந்தது. முதல் ஏற்றத்திலேயே இயந்திரம் உரத்துப் பாடத் தொடங்கியது. அவன் சட்டென்று முடுக்கியிலிருந்து காலை எடுத்தான்.

“இன்னா மாமா இது, ஃபேனு தண்ணிய வுட்டு மேல வந்தா மாதிரி கத்துது.”

“இது போட் இல்ல, மச்சான்.”

“இஞ்சினு எங்க இருந்தாலும் இஞ்சினுதான்.”

பொத்தானை மறுபடி அழுத்திவிட்டான். விளக்கு அணைந்தது, வண்டி மேல் கியருக்குத் தாவிற்று, ஓசை அடங்கியது. அவன் முகம் தெளிந்தது.

படகில் வாழ்கிறவர்களின் செவி எப்படிப்பட்டதென்று எனக்குத் தெரியும். அலைமேல் படகு எழும்போது, நீரைத் தள்ளும் விசிறி காற்றில் சுழன்றால் இயந்திரம் அலறும். அந்தக் கணமே வேகத்தைக் குறைக்காவிட்டால் இயந்திரம் கெடும். இருபது ஆண்டுகளாக அவன் காலும் கையும் அந்த அலறலுக்கு ஒரே விடையைக் கற்றிருந்தன. அந்த விடையைத்தான் மலைக்கும் சொன்னான். காலைத் தளர்த்தினான், வேகம் விழுந்தது. வேகம் விழுந்ததால் மிதித்தான். வண்டி ஓர் உதறு உதறிக் கீழ்க் கியருக்கு இறங்கி அலறியது. அலறியதால் மறுபடி தளர்த்தினான். ஒவ்வொரு உதறலுக்கும் பின்னால் கூடைகள் நகரும் ஓசை கேட்டது. கொண்டையூசி வளைவுகள் ஒவ்வொன்றுக்கும் அங்கே தமிழ்ப் பெயர்ப்பலகை உண்டு. வேறு நாளாக இருந்தால் நிறுத்தி நிறுத்திப் படித்திருப்பேன். அன்று ஒன்றும் கண்ணில் படியவில்லை. வெப்பம் காட்டும் முள்ளையும் பின்புறத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு பேருந்து விடாமல் ஒலியெழுப்பியது.

நான் மறுபடி வாய் திறக்கவில்லை. அவன் படகில் நான் ஏறும்போதெல்லாம், குந்து மாமா, வாத்தியார் வேலையைக் கரையோடு வைத்துக்கொள் என்பான்; எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். இயந்திரம் என்று வந்தால் அவன் சொல்வதே சொல் என்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமாகிவிட்டது. அன்றைய சுமையும் அவனுடையது. இப்படியெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு, எட்டு வளைவுகளைக் கடந்தேன்.

ஒன்பதாம் வளைவில் எண்ணெய் கருகும் வாடை வந்தது. முள் மேலே போயிருந்தது. ஓரங்கட்டி நிறுத்தினோம்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நின்றுவிட்ட வண்டிக்குள் கூடைகளை விட்டுவைக்க முடியாது. மூன்றையும் இறக்கி, பாறை நிழலில் வைத்தோம். மூன்றாவது கூடை ஒவ்வோர் உதறலிலும் பின்கதவில் மோதி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அவன் அதைத் திறந்து, அதிகநேரம் குனிந்தபடி இருந்தான். கொடுக்கு கழன்றவை பல, நசுங்கியவை சில. எஞ்சிய ஏரித் தண்ணீர் முழுவதையும் கூடைகள்மேல் ஊற்றினான். வண்டி ஆறும்வரை அவன் சாலையோரம் பத்தடி போவதும் திரும்புவதுமாக இருந்தான். விடுதியிலிருந்து இருமுறை அழைப்பு வந்தது. வந்துவிட்டோம், வந்துவிட்டோம் என்றான். பிறகு என்முன் வந்து நின்றான்.

“ஒன்னு கேக்கறேன். போட்டுல கத்துனா சொமை இல்லாம சுத்துதுனு அர்த்தம். இங்க கத்துனா?”

“சொமையத் தூக்குதுனு அர்த்தம்.”

“அப்போ அமைதியா போனது?”

“அதுதான் திணறல். ஓவர்டிரைவு பாரத்துக்கு ஆவாது. மேடு ஏறறதுக்கு முன்னாடியே அணைச்சிட்டு, மேடு முடியற வரைக்கும் கத்த வுட்டுடணும்.”

அவன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தான்.

“தெரிஞ்சிக்கினேதான் ஒக்காந்துனு வந்தியா மாமா?”

சாவியை என் கையில் வைத்துவிட்டு, அவன் கூடைகளை ஏற்றப் போனான். மிச்சமிருந்த ஐந்து வளைவுகளை, ஓவர்டிரைவை அணைத்து, இயந்திரத்தைக் கத்தவிட்டே ஏறினேன். உதறல் ஒன்றுகூட இல்லை. அவன் பின்புறத்தில் கூடைகளோடு கூடையாகக் குந்தி, மூன்றையும் இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு வந்தான்.

விடுதியின் பின்வாசலில் சமையற்காரர் ஒவ்வொரு நண்டாக எடுத்துக் கண்ணைத் தொட்டார். முதல் இரண்டு கூடைகளில் ஒன்றும் சாகவில்லை. மூன்றாவதைத் திறந்தவர், மூடித் தள்ளிவைத்தார். மைத்துனன் அதற்குக் காரணம் சொல்ல வாயெடுத்தான். அவர் கேட்க விரும்பவில்லை. இரண்டு கூடையை எடுத்துக்கொள்வதாகவும், அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு முறை பார்ப்பதாகவும், அன்றும் ஒரு கொடுக்கு குறைந்தால் பிறகு வரவேண்டாமென்றும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, காய் வாங்குகிறவர் சொல்வதுபோலச் சொன்னார்.

தேநீர்கூட வேண்டாமென்று இறங்கிவிட்டோம். இறக்கத்திலும் ஓவர்டிரைவை அணைத்தே வைத்திருந்தேன். பிரேக்கை மட்டும் நம்பக் கூடாதென்பதும் கையேட்டில் இருந்த செய்தி. இம்முறை இதை வாய்விட்டுச் சொன்னேன். அவன் தலையை மட்டும் அசைத்தான். வாணியம்பாடி நெடுஞ்சாலையில் ஏறியதும் இனி ஓவர்டிரைவைப் போடலாமென்று கையை நீட்டினேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

“இருக்கட்டும் மாமா. கத்தட்டும்.”

சமதளத்தில் அது வீண் என்று விளக்கினேன். கேட்கவில்லை. மடியில் அந்த மூன்றாவது கூடை. வெள்ளிக்கிழமைக்கு எந்தக் கூடையை எங்கே கட்டுவது, கயிறா, பலகையா என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தவன், ஆம்பூருக்கு அப்பால் ஒரு வழியாகக் கண்ணயர்ந்தான். இயந்திரம் பொருளின்றிக் கத்திக்கொண்டிருந்தது; அருகே கடந்த லாரி ஓட்டுநர் குனிந்து எங்களைப் பார்த்தார். மெல்லக் கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினேன். வண்டி மேல் கியருக்குப் போயிற்று, ஓசை இறங்கியது.

அவன் துள்ளி எழுந்தான். கூடையை இறுகப் பற்றிக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே எதையோ தேடினான்.

“நின்னு பூடுச்சா?”

“இல்ல மச்சான். போய்க்கினுதான் கீது.”

வயல்களும் கம்பங்களும் பின்னால் ஓடுவதைப் பார்த்து உறுதி செய்துகொண்டான். சாக்கை விலக்கி ஒரு நண்டின் கண்ணைத் தொட்டான். அதன்பிறகு, வீடு சேரும்வரை அவன் உறங்கவில்லை.