அவருடைய கால் ஈரமாகக் கூடாது

என் கணவருக்கு வலது காலில் நான்கு விரல்கள்தான் இருந்தன. இரத்தத்தில் சீனி கூடுகிற சலரோகம் சின்ன விரலைக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு கிளினிக்கில் பாதங்களைப் பார்க்கிற தாதி எங்கள் இருவரையும் பக்கத்தில் இருத்தி, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வதைப் போலச் சொன்னாள்: கால் ஈரமாகக் கூடாது, குளிரில் விறைக்கக் கூடாது, ஒரு கீறல்கூட விழக் கூடாது. இன்னொரு புண் வந்தால் பாதத்தைக் காப்பாற்றுவது கஷ்டம். அவருக்கு இரண்டு பாதங்களிலும் உணர்வு செத்துப்போயிருந்தது. ஊசியால் குத்தினாலும் தெரியாது. வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்றதால் வீட்டுக்குள்ளும் சப்பாத்தோடு நடந்தார். சப்பாத்தை வாசலில் கழற்றாமல் உள்ளே வந்த ஒருவரையும் அதுவரை மன்னிக்காத நான், துணியோடு அவர் பின்னால் துடைத்துக்கொண்டு திரிந்தேன்.

விரலோடு பஸ் ஓட்டுகிற வேலையும் போனது. அவர் கட்டிலில் படுத்தார். படுத்தவர் எழும்பவில்லை. லண்டன் எட்மண்டனில் எங்கள் வீட்டு மேலறையில் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு ஒரு கோடைகாலம் முழுவதும் கிடந்தார். சாப்பாடு கொண்டுபோனால் “வையும்” என்பார், அவ்வளவுதான் பேச்சு. ஒருநாள், “நான் இருந்து என்னத்துக்கு?” என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை, முகட்டைப் பார்த்துக் கேட்டார். நான் கீழே வந்து குசினியில் இருந்த கத்திகளையெல்லாம் எடுத்து ஒளித்து வைத்தேன். வெங்காயம் வெட்டுவதற்கு ஒவ்வொரு முறையும் அரிசி வாளிக்குள் கைவிட்டுத் துழாவ வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வீடு மாறிப் போனபோது தன் பழைய தூண்டிலையும் ஒரு மடக்குக் கதிரையையும் எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். குப்பையை எங்கள் தலையில் கட்டிவிட்டாரே என்று நான் திட்டினேன். இவர் அதை எடுத்துப் பார்த்தார், நூலைச் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். அடுத்த கிழமை அனுமதிச் சீட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் பக்கத்துக் குளத்துக்குப் போனார். பிடித்த மீனைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விடவேண்டும் என்பது அந்தக் குளத்துச் சட்டம். வெறுங்கையோடு திரும்பி வந்தவருக்கு நான் கடையில் மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். ஆனால் அன்றைக்கு அவர் இரண்டாந்தரம் சோறு கேட்டார். கடவுளே, அந்தத் தூண்டிலுக்குப் பொட்டு வைத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

பிறகு மாரிக்குளிர் வந்தது. பங்குனி வரும்வரை குளத்துக்குப் போறதை நிறுத்துங்கோ என்று கெஞ்சினேன்.

“நிப்பாட்டினா நான் திரும்பவும் படுத்திடுவன். எனக்கே தெரியும்,” என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

அவரைத் தடுத்தால் ஆள் போய்விடுவார், விட்டால் கால் போய்விடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் காப்பாற்றலாம் என்று மூளை கெட்டுப்போய் நினைத்தேன்.

முதலில் நானே ஒரு வித்தை செய்தேன். இரண்டு சோடி காலுறை, அதற்கு மேல் கடைப் பை, அதற்கு மேல் பூட்ஸ். வெளித் தண்ணீர் உள்ளே வரவில்லை. ஆனால் உள்ளே வியர்த்து, வீட்டுக்கு வந்து கழற்றியபோது பாதம் உடுப்புத் தோய்த்த கையைப் போல வெளுத்துச் சுருங்கியிருந்தது. பயந்துபோய்க் கனடாவில் இருக்கிற தம்பிக்குப் போன் எடுத்தேன். உறைந்த ஏரியின் மேல் கதிரை போட்டு, பனிக்கட்டியில் ஓட்டை துளைத்து மீன் பிடிக்கிற கூட்டத்தில் அவன் ஒருவன்.

“அக்கா, காலைக் கட்டிப் பொட்டலம் செய்யாதேங்கோ. இறுக்கினா இரத்தம் ஓடாது,” என்று சிரித்தான். “ஒரு தடிச்ச கம்பளிச் சொக்ஸ் போதும். பூட்ஸ் ஒரு அளவு பெரிசா இருக்க வேணும். வெறும் நிலத்தில கால் வைக்க விடாதேங்கோ, கீழ ஒரு ரப்பர்ப் பாய் போடுங்கோ. நனைஞ்சா உடன மாத்துங்கோ.”

அவன் சொன்னபடியே எல்லாம் வாங்கினேன். நானும் கூடப் போகத் தொடங்கினேன். வயதுபோன காலத்தில் இவ ஏன் குளத்தங்கரையில் காவல் இருக்கிறா என்று கோயிலில் சிலர் கேலி பேசினார்கள். பேசட்டும். மணிக்கு ஒரு தரம் அவருடைய பூட்ஸைக் கழற்றி, காலுறைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்ப்பேன். ஈரமா, குளிரா, எங்கேயாவது தோல் தடித்திருக்கிறதா? அவருடைய கால் உணராததை என் கை உணர வேண்டியிருந்தது. அந்தப் பக்கமாக நாயோடு நடந்துபோகிற வெள்ளைக்காரர்கள் பார்த்தும் பாராமல் போவார்கள்.

கிளினிக்குக்குப் போன இடத்தில், நாள் எப்படிப் போகிறது என்று தாதி கேட்டாள். வீட்டோடுதான் இருக்கிறார் என்று சொன்னேன். உண்மையைச் சொன்னால் போகக் கூடாது என்பாள், அதைக் கேட்க எனக்குத் துணிவில்லை. அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினார்.

தை மாதம் தம்பியிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே சின்னச் சின்னப் பொட்டலங்கள். மேலுறையைக் கிழித்தால் தானாகவே சூடேறும், காலுறையின் அடியில் ஒட்டிக்கொள்ளலாம். தானும் அதைத்தான் போடுகிறான் என்று எழுதியிருந்தான். அத்தானுக்கு ஒரு விரல் போனது அவனுக்குத் தெரியும். காலில் உணர்வே இல்லை என்பதை நான் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. அவரைப் பற்றி இரக்கப்பட்டுப் பேசுவார்கள் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. பொட்டலத்தின் பின்புறத்தில் பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. கண்ணாடியைத் தேடி எடுத்து வாசிக்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

அந்தக் கிழமை குளத்தின் ஓரம் உறைந்திருந்தது. தம்பி சொல்கிற பனிக்கட்டி அல்ல, கண்ணாடித் தடிப்புத்தான். அவர் ஒரு தடியால் அதை உடைத்துத் தூண்டிலைப் போட்டார். எனக்குச் சப்பாத்துக்குள் விரல்கள் கழன்று விழுவதைப் போலக் குளிர்ந்தது. எனக்கே இப்படி என்றால் அவருக்கு? வலது காலுக்கு ஒரு பொட்டலம் போதாது என்று இரண்டை வைத்தேன்.

ஒரு மணித்தியாலம் கழித்துப் பூட்ஸைக் கழற்றப் போனபோது தூண்டில் வளைந்தது. அவர் துள்ளி எழும்பினார். இழுத்தார், விட்டார், இழுத்தார். முழங்கை நீளத்தில் ஒரு மீன். அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “இஞ்சேரும், இஞ்சேரும், பாரும்!” என்று சத்தம் போட்டுச் சிரித்தார். விரல் போன நாளிலிருந்து நான் கேட்காத சிரிப்பு. மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் இருப்போமா என்று கேட்டார்.

“ஓம், இருங்கோ,” என்றேன். காலைப் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பைக் குழப்ப மனம் வரவில்லை. இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தோம்.

வீட்டுக்கு வந்து காலுறையை இழுத்தபோது பெருவிரலின் அடித்தோல் அதோடு சேர்ந்து வந்தது. கால் குளிரவும் இல்லை, நனையவும் இல்லை. வெந்திருந்தது. அவர் ரீவியைப் பார்த்தபடி, “என்ன, ஈரமே?” என்று கேட்டார்.

அடுத்த நாளே கிளினிக்குக்கு ஓடினோம். தாதி புண்ணைப் பார்த்தாள், பிறகு எங்களைப் பார்த்தாள். எங்கே போனார், பூட்ஸுக்குள் என்ன இருந்தது, யார் வைத்தது என்று கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டு, ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார்: தான் தனியாகத்தான் மீன் பிடிக்கப் போனதாகவும், தானேதான் அதை வாங்கி வைத்ததாகவும், மனைவி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை என்றும். அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். எழுதி முடித்து, இப்படிப் பிடிவாதக்காரரோடு கஷ்டம்தான் என்று என் தோளில் தட்டினாள். நான் தலையாட்டினேன். என்னைப் போல ஒரு கோழையை நான் கண்டதில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, “ஏன் பொய் சொன்னனீங்கள்?” என்று கேட்டேன்.

“அவள் உம்மை ஏசினா, நீர் பிறகு என்ர காலைத் தொடப் பயப்படுவீர்,” என்றார். “வேற ஆர் எனக்குப் பாக்கிறது?”

புண் எலும்புவரை போனது. மாசி முடிவதற்குள் ஆஸ்பத்திரியில் பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். தூண்டிலைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை. இப்போது தினமும் காலையில் கட்டுத்துணியை அவிழ்த்து மருந்து போடுவது நான்தான். முதல்நாள் தொடங்கி இன்றுவரை, தோலைத் தொடும் முன் என் கை அந்தரத்தில் நின்றுவிடுகிறது. அது இறங்கும்வரை அவர் காலை அசைக்காமல் நீட்டியபடி காத்திருக்கிறார்.