நாக்குக்குச் சூடு

பேரனுக்காக மருமகள் வசம்பு சுட்டாள். அந்தக் கரிந்த வாசனை வந்ததுமே என் நாக்கு தானாக உள்ளே சுருண்டது.

எழுபதுகளின் கடைசியில், ஆண்டிமடத்தில் ஒன்பது வயதுத் திக்குவாய்ச் சிறுமி நான். வசம்பு தேய்த்தார்கள்; கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேச வைத்தார்கள். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் பெரியப்பா, நாக்கில் சூடு போடும் வைத்தியரை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார்.

முந்திரி விறகு அடுப்பில் ஊசி சிவந்துகொண்டிருந்தது.

"திருச்சி ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி குடுக்குறாங்களாம். அங்க போவலாங்க," என்று அம்மா அப்பாவிடம் கெஞ்சினாள்.

"அதுக்கு மாசக்கணக்கா அலையணும். இது ஒரு நிமிச வேலை. புள்ளையப் புடிடா தம்பி," என்றார் பெரியப்பா.

அப்பா என் தோள்களைப் பிடித்தார். வைத்தியர் ஊசியை எடுத்தார்.

"அ... அ... அப்..."

"பாத்தியா, அப்பாங்கறதே வரல," என்றார் பெரியப்பா.

"இருங்கண்ணே. அவ சொல்லி முடிக்கட்டும்," என்றார் அப்பா.

அதுவரை என்னை யாரும் முடிக்க விட்டதில்லை. ஊசியின் சிவப்பு மங்கிக் கறுக்கும்வரை திக்கினேன்.

"அப்பா, எனக்குச் சூ... சூடு வேணாம். தி... திருச்சிக்குப் போவோம்."

அப்பா கையை எடுத்துவிட்டார்.

ஒரு வருஷம் பயிற்சிக்குப் போனோம். திக்கல் குறைந்தது, இன்றும் முழுதாகப் போய்விடவில்லை. முதல் நாள் பஸ்ஸில் டிக்கெட் கேட்பதை அப்பா என்னிடமே விட்டார்.

"எங்கம்மா போவணும்? சீக்கிரம் சொல்லு," என்று கண்டக்டர் அவசரப்படுத்தினார்.

"சொல்லுவா. இருங்க சார்," என்றார் அப்பா.