எறும்பு வராத பாட்டில்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதுவும் சுலபமாக வந்தால் நம்ப மாட்டேன். தி. நகரில் நான் கேட்ட விலைக்குக் கடைக்காரர் உடனே ஒத்துக்கொண்டால் அந்தப் புடவையை வாங்காமல் வந்துவிடுகிற ரகம்.

தொண்ணூறுகளில் அடையாறில் ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். புதிதாகச் செய்த மருந்தை விழுங்கினால் குடல் உறிஞ்சுமா என்று பார்ப்பது எங்கள் வேலை. எலிக்குடலில் ஒரு துண்டை, சட்டைக்கையைத் திருப்புவது போல உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, உப்புக் கரைசல் நிரப்பி, இரண்டு முனையையும் நூலால் கட்டி, மருந்தில் தொங்கவிடுவோம். ஒரு மணி நேரம் கழித்து உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று அளப்போம்.

கரைசல் தயாரிப்பது நான். சோதனை செய்வது மேற்கு மாம்பலத்திலிருந்து வரும் தற்காலிக ஊழியர், இரண்டு குழந்தைகளுக்கு அப்பா. அந்த மாதம் அவரை நிரந்தரமாக்குவதாக இருந்தது. அதற்குள் ஐந்து புது மருந்துகள் வந்தன. ஐந்துமே பிரமாதமாக உள்ளே போனதாக எழுதியிருந்தார். கூழாங்கல்லைக் கொடுத்தாலும் உறிஞ்சிவிடும் போலிருந்தது.

ஆள் உட்கார்ந்த இடத்திலேயே எண்களை எழுதுகிறார் என்று முடிவு கட்டினேன். காலையில் இயக்குநரிடம் அப்படியே எழுதிக் கொடுத்தும் விட்டேன். பிறகு அந்த ஊழியரிடம் சிவப்புச் சாயம் ஒன்றைக் கொடுத்து, என் கண்ணெதிரே செய்யச் சொன்னேன். நல்ல குடல் அந்தச் சாயத்தை உள்ளே விடாது.

கட்டை அவிழ்த்தபோது உள்ளே இருந்ததும் சிவப்பு.

"குடலை எங்கயாவது குத்தி ஓட்டை போட்டுட்டீங்களா?" என்றேன்.

அவர் முகம் இறுகியது. வேறொரு துண்டை எடுத்து மறுபடி செய்தார். மறுபடியும் சிவப்பு. அப்படியென்றால் எண்கள் நிஜம்தான். குடல்தான் செத்துப்போய் ஒழுகியிருக்கிறது.

அவர் கரைசல் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், முன்னாடியெல்லாம் இந்த மூடியில எறும்பு மொய்ச்சுக்கினு இருக்கும். இப்ப ஒண்ணுகூட காணோமே?"

எறும்புத் தொல்லை தாங்காமல், குடல் உயிரோடிருக்கப் போடும் குளுக்கோஸைச் சேர்க்காமல் கரைசலைச் செய்து வைக்க ஆரம்பித்தவள் நான். சோதனைக்கு முன்பு போட்டுக்கொள்ளும்படி அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை. சர்க்கரை இல்லாமல் குடல் எவ்வளவு நேரம் உயிரோடிருக்கும்?

மாடிக்கு ஓடிக் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன்.

"அப்ப தப்பு யார் மேல?" என்றார் இயக்குநர்.

"எறும்பு சார்," என்றுதான் முதலில் வாயில் வந்தது. வெட்கமாக இருந்தது. பிறகு, "என் மேலதான்" என்றேன்.

அந்த ஊழியரின் வேலை நிரந்தரமானது. அதன்பின் நான் தரும் ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் ஒரு சொட்டை ஜன்னல் ஓரத்தில் விட்டு, எறும்பு வருகிறதா என்று பார்த்த பிறகே சோதனையைத் தொடங்குவார். நான் எதிரே நின்றாலும் அதைப் பார்க்காமல் தொடங்கமாட்டார்.