பாரி வாங்கிய மெயின் லைட்

பாரிக்கு விரல்கள் எட்டு. இடக்கையில் ஐந்து, வலக்கையில் மூன்று. வலக்கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பத்தொன்பது வயதில் காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் இயந்திரம் வாங்கிக்கொண்டது. இப்போது வயது முப்பத்திரண்டு. மிச்சமிருக்கும் கையோடு ஸ்கூட்டர் ஓட்டுகிறான், கேரம் ஆடுகிறான், வியாசர்பாடி ஹவுசிங் போர்டின் மூன்றாவது மாடிக்கு கேஸ் சிலிண்டர் தூக்குகிறான். வராதது ஒன்றே ஒன்றுதான். தண்ணீருக்கடியில் ‘ஓகே’ காட்ட வராது.

அங்கே வாய் பேச முடியாது, கைதான் பேச வேண்டும். ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் சேர்த்து வட்டம் பிடித்தால் ‘நான் நன்றாக இருக்கிறேன்’ என்று பொருள். கட்டைவிரலை மட்டும் தூக்கினால் ஊருக்குள் அது ‘சூப்பர்’. தண்ணீருக்குள் ‘மேலே போகலாம்’. பாரி வட்டம் பிடிக்கப் பார்த்தால் கலங்கிய தண்ணீரில் எதிராளிக்குத் தெரிவது தூக்கிய கட்டைவிரல் மட்டுமே.

போன மாதம் அப்படித்தான் ஆனது. பாரி வேலை செய்வது கப்பல்களின் அடிப்பாகத்தையும், கப்பல் அணையும் ஜெட்டிகளின் தூண்களையும் சோதிக்கும் சின்ன ஒப்பந்த நிறுவனத்தில். ஐந்து வருஷம் படகில் நின்று கயிறு பிடித்தான். பிறகு பயிற்சி எடுத்து, இரண்டு வருஷமாகத் தானும் இறங்குகிறான். எண்ணூர் பக்கம் ஒரு ஜெட்டியில் அவனும் அவனோடு ஜோடியாக இறங்கும் சௌக்கத் அலியும் இறங்கியிருந்தார்கள். சௌக்கத் ‘ஓகேவா?’ என்று காட்ட, பாரி ‘ஓகே’ என்று காட்ட, சௌக்கத் விறுவிறுவென்று மேலே ஏறிவிட்டான். ஜோடி ஏறினால் தானும் ஏற வேண்டும். வேலை பாதியில் நின்றது.

“இன்னா மாமு, மேல போலாம்னு நீதான காட்ன?”

“ஓகேன்னுதான்டா காட்னேன்.”

“கட்ட வெரல தூக்கினு நின்னா நான் இன்னான்னு நென்ச்சிக்கறது? லிஃப்ட் கேக்கறன்னா?”

படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மேற்பார்வையாளர் ஜானட் சிரிக்கவில்லை. ராயபுரத்துக்காரர், நிறுவனத்தில் எல்லாருக்கும் அக்கா.

“இடது கைல காட்டுன்னு எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன்?”

“இடது கை கவுத்த புடிச்சினு கீதுக்கா. கவுத்த வுடக் கூடாதுன்னும் நீங்கதான சொன்னீங்க.”

 ஜானட் ஒரு முடிவு சொன்னார். பகலில் கப்பல் நடமாட்டம் அதிகம் என்பதால் அடுத்த வேலையை இருட்டிய பிறகு செய்யச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் ஒரு சோதனை இறக்கம். அதிலும் குழப்பம் வந்தால் பாரி திரும்பவும் படகில் கயிறு பிடிக்க வேண்டியதுதான். “கோவத்துல சொல்லல பாரி. தண்ணிக்குள்ள நீ ஒண்ணு சொல்லி இன்னொருத்தன் வேற ஒண்ணு புரிஞ்சிக்கினா, எவனாச்சும் ஒருத்தன் திரும்பி வர மாட்டான்.”

மற்றவர்கள் அவனைப் பாவம் பார்த்தார்கள். பகலிலேயே தடுமாறுகிறவன் இருட்டில் என்ன செய்வான்? பாரிக்கு மட்டும் வேறு கணக்கு. இருட்டில் யாருடைய கையும் தெரியாது. அங்கே விளக்குதான் பேசும். வெளிச்சத்தால் மெதுவாக வட்டம் போட்டால் ‘ஓகே’. பக்கவாட்டில் வேகமாக ஆட்டினால் ‘ஆபத்து, வா’. விரலுக்கு வேலையே இல்லை. நல்ல விளக்கு ஒன்று அமைந்துவிட்டால் போதும்.

இறங்குகிறவர் கையில் பிடிக்கும் முதன்மை விளக்கான மெயின் லைட்டை அவரவர் விருப்பப்படி தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று நிறுவனம் சொல்லியிருந்தது. பாரியும் சௌக்கத்தும் கல்மண்டபத்தில் ராமசெல்வியின் கடைக்குப் போனார்கள். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். கயிறு, கொக்கி, லைஃப் ஜாக்கெட் எல்லாம் உத்தரம் வரை தொங்கும் கடை.

“இது புதுசு, பாத்துக்கிடுங்க. போட்டா பகலு மாதிரி இருக்கும்லா,” என்று ராமசெல்வி உருண்டையான பெரிய விளக்கு ஒன்றைப் போட்டார். கடை முழுக்க வெள்ளை வெளிச்சம். சுவரில் இருந்த பல்லி ஓடியது.

“கல்யாண மண்டபம் மாரி கீது! இதான் எனக்கு,” என்றான் சௌக்கத்.

பாரி அதை வாங்கி, கூரையை நோக்கி வட்டம் போட்டான். அந்த வெளிச்சத்தில் கூரை மொத்தமும் வெள்ளையாகிவிட்டதால், வட்டம் எங்கே என்று தெரியவில்லை. “ஒடுக்கமா அடிக்கறது கீதாக்கா?”

ராமசெல்வி கடை இருட்டாகட்டும் என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளிருந்து இரண்டு விளக்குகள் கொண்டுவந்தார். இரண்டும் கட்டைவிரல் தடிமனில் நெருக்கமான கற்றையாக அடித்தன. கயிற்றுச் சுருள்கள்மேல் பாரி போட்ட வட்டம் கோடு கிழித்ததுபோல் தெரிந்தது. ஒன்றை எரிய வைக்க, முன்பக்கத்துத் தலையைத் திருக வேண்டும். அதற்கு இரண்டு கை வேண்டும், பாரியின் இடக்கையோ கயிற்றில் இருக்கும். மற்றதில் பக்கவாட்டில் ஒரு விசை, கட்டைவிரலால் தள்ளினால் போதும்.

“இதைப் புறங்கையில மாட்டுற பட்டை இருக்கு. பிடிக்கவே வேண்டாம். கையை நீட்டுங்கண்ணே.” பாரி நீட்டினான். ராமசெல்வி பட்டையைக் கட்டி அளவு பார்த்தார். அதிகப்படியாக இருந்த நீளத்தை மடித்துத் தைக்கச் சொல்லிக் கடையாளிடம் கொடுத்தார். 

“ஆனா மாமு,” என்றான் சௌக்கத், “என்துல பாதி வெளிச்சம் கூட இதுல இல்ல. அந்த கலீஜ் தண்ணில உனக்கு இன்னா தெரியும்?”

கேள்வி பாரியைக் குடைந்தது. பெரிய விளக்குதான் சரியோ? ராமசெல்வி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, “பெருசு ஒண்ணு, இது ஒண்ணு, ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. பாத்துட்டு, வேண்டாததைக் கொண்டாந்துருங்க,” என்றார்.

வீட்டில் மனைவி மாயா உலை வைக்க அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த தண்ணீரைக் கொட்ட விடாமல் பாரி வாங்கி ஒரு பக்கெட்டில் ஊற்றி, மேலும் தண்ணீர் சேர்த்துக் கலக்கினான். எண்ணூர் தண்ணீர் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

“சோறு வடிக்கிற நேரத்துல பக்கெட்ல லைட் அட்ச்சினு கீற. புத்தி கித்தி பெரண்டுச்சா?”

“இங்க வா. ஒரு கரண்டிய உள்ள போடு. எது போட்டா தெரியுதுன்னு சொல்லு.”

பெரிய விளக்கைப் போட்டான். பக்கெட் முழுக்கப் பால்போல் வெளுத்தது. போகிப் புகைக்குள் ஹை பீம் போட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரியும். வெளிச்சம் புகையில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும், சாலை காணாமல் போகும். சின்ன விளக்கைப் போட்டான். கலங்கலுக்குள் ஒரு கம்பிபோல் இறங்கியது.

மாயா குனிந்து பார்த்தாள். “பெருசு போட்டா தண்ணிதான் தெரியுது. சின்னது போட்டா கரண்டி தெரியுது,” என்றாள். பிறகு, “கரண்டிய எடு, கொயம்பு கலக்கணும்.”

பாரி மறுநாள் பெரிய விளக்கைத் திருப்பிக் கொடுத்தான்.

சோதனை இறக்கம் பொழுது சாய்ந்து சற்று நேரத்தில். பாரியும் சௌக்கத்தும் ஒரு தூணில், ஜானட் பக்கத்துத் தூணில். இறங்கியதும் பாரி தூணின் சிப்பிகள்மேல் ஒரு வட்டம் போட்டான். தெளிவாக விழுந்தது. அடுத்த வட்டம் சௌக்கத்தைக் கேட்பதற்கு: ஓகேவா?

சௌக்கத் இருந்த பக்கம் ஒரு வெள்ளைச் சுவர் எழுந்தது. அசைந்தது. சுற்றுகிறதா, ஆடுகிறதா? பாரி மறுபடி கேட்டான். சுவர் இன்னும் வேகமாக அசைந்தது. ‘ஆபத்து, வா’ என்கிறானோ?

 இப்போது மேலே ஏறினால், குழப்பம் மறுபடி தன்னால்தான் என்பார்கள். ஏறாமல் இருந்து, சௌக்கத் உண்மையிலேயே ஏதாவது வலையில் சிக்கியிருந்தால்? கயிற்றைப் பிடித்தபடி அந்த வெள்ளைக்குள் நுழைந்தான். சௌக்கத்தின் தோளைப் பற்றி, கயிற்றோடு சேர்த்து மெதுவாக மேலே கொண்டுவந்தான்.

தலை வெளியே வந்ததுமே சௌக்கத் கத்தினான். “ஏன்டா இய்த்துகினு வந்த? ஓகே, ஓகேன்னு சுத்தினே இருந்தேனே!”

“எனக்கு ஒண்ணுமே தெரில மாமு. ஒரே வெள்ள. நீ மாட்டிக்கினியோன்னு பயந்துட்டேன்.”

ஜானட்டும் மேலே வந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பாரி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“பாரி கேட்டது அங்கிருந்து எனக்கே தெரிஞ்சிது. ரெண்டு வாட்டி. சுத்தமான வட்டம்,” என்றார் ஜானட். “சௌக்கத்து, உன் பக்கம் மட்டும் யாரோ டியூப்லைட்ட எரிய வுட்டுட்டுத் தூங்கிட்ட மாரி இருந்துச்சு. நீ ஓகே சொன்னியா, செத்தியான்னு யாருக்குத் தெரியும்? சந்தேகம்னா ஆளப் புடிச்சி மேல கொண்டாரணும். அவன் செஞ்சது கரீட்டு.”

சௌக்கத் தன் விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “கல்யாண மண்டபம்னு நென்ச்சி வாங்கினேன்கா.”

“எதனா கல்யாணம் வந்தா எடுத்துகினு போ. தண்ணில வாணாம்.”

படகில் யாரோ சிரித்தார்கள். பாரியும் சிரித்தான். கையிலிருந்த பட்டையை அவிழ்க்க மறந்திருந்ததால், அவன் சிரிக்கச் சிரிக்க வெளிச்சப் புள்ளி ஜெட்டியின் கான்கிரீட்டில் குதித்தது.

இரவு வேலை திங்கட்கிழமை தொடங்குகிறது. முதல் தூணில் இறங்கும் ஜோடி பாரியும் சௌக்கத் அலியும். ராமசெல்வியின் கடையில் சௌக்கத் சொல்லிவைத்த ஒடுக்கமான விளக்கு வந்து சேரும்வரை, நிறுவனத்தின் உதிரி விளக்கு ஒன்றுதான் அவன் கையில் இருக்கும்.