வலது கதவின் கைராசி

ஒரே கிளினிக், ஒரே காத்திருப்பு அறை, இரண்டு கதவுகள். இடது கதவுக்குள் அவள், குழந்தைகள் டாக்டர். வலது கதவுக்குள் அவள் கணவர், அவரும் அதே. இடது கதவில் ஆளே இல்லாவிட்டாலும் தாய்மார்கள் வலது கதவுக்கே காத்துக் கிடப்பார்கள். அவருக்கு அப்படியொரு கைராசியாம்.

ராசியாவது மண்ணாவது. சாதாரண சளிக்கும் அவர் ஆன்டிபயாடிக் சிரப் எழுதித் தள்ளுவார். தானாக இறங்க வேண்டிய காய்ச்சல் இறங்கும், பெயர் அவருக்குப் போகும். அவளோ காதுக்குள் எட்டிப் பார்த்து, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து, இது வைரஸ் சளி, அந்த சிரப்புக்குக் கேட்காது, மூச்சு வாங்கினால் உடனே தூக்கி வாருங்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்வாள். மருந்தே எழுதாத டாக்டர் என்ற முணுமுணுப்பு, அவர்கள் வாசலைத் தாண்டும் முன்பே காதில் விழும். வயிறு எரியும். கட்டிய கணவர் மேலேயே பொறாமைப்படுவார்களா என்றால், அவள் பட்டாள். அன்றைய கூட்டத்தைப் பற்றி அவர் சாப்பாட்டு மேசையில் அலுத்துக்கொள்ளும்போது இன்னும் கொஞ்சம் தாராளமாகவே பட்டாள்.

ஒருநாள் அவர் வரத் தாமதமானது. மூக்கொழுகும் பையனோடு வந்த ஒருத்தியை நர்ஸ் இடது கதவுக்கு அனுப்பினாள். அந்தத் தாய் உட்கார்ந்ததே அரை மனதாக. கண்ணெல்லாம் வலது கதவில். சோதித்துப் பார்த்ததில் வெறும் சளிதான். ஆனாலும் டாக்டரின் பேனா சிரப்பை எழுதிவிட்டது.

"உங்களுக்கும் நல்ல கைதான் மேடம்" என்று அந்தத் தாய் முகம் மலர்ந்தாள். அன்று முழுக்க டாக்டருக்குக் கால் தரையில் படவில்லை.

வீட்டுக்கு வந்தால் மகளுக்கு அதே மூக்கொழுகல், அதே இளஞ்சூடு. கணவரை ஆழம் பார்க்கலாமென்று, சிரப்பை ஆரம்பிக்கலாமா என்று கேட்டாள்.

அவர் மகளின் மூக்கைத் துடைத்துவிட்டபடி, "எதுக்கு? வெறும் சளி. தானா போயிடும்" என்றார்.

"அப்போ அங்க எழுதறது?"

"அவங்க எதிர்பார்க்கிறாங்க, எழுதறேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. அவரைத் திட்ட வாய் வரவில்லை. காலையில் அவளும் அதையேதான் செய்திருந்தாள். கிளினிக்கில் பதிந்திருந்த போன் எண்ணை நர்ஸிடம் வாங்கி அந்தத் தாயைக் கூப்பிட்டாள். சிரப் வேண்டாம், அதை எழுதியது என் தப்பு, பையனுக்கு அது தேவையே இல்லை என்று பொறுமையாக விளக்கினாள்.

அந்தத் தாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"சரிங்க மேடம். நாளைக்கு சார் இருப்பாரா?"