மண்ணெண்ணெய்ப் பந்தயம்

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, பங்குனி மாதம். புத்தூருக்குப் பக்கத்தில், நெல் வெட்டி முடிந்த வயல்வெளியில் எங்கள் பகுதி இளைஞர்கள் மோட்டார் சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். வரம்புகளை வெட்டிச் சமப்படுத்தி, சுற்றிவரப் பனைமட்டை நட்டு எல்லை போட்டிருந்தார்கள். முதல் பரிசு ஒரு போத்தல் பெற்றோல். சிரிக்காதீர்கள். அப்போது யாழ்ப்பாணத்தில் தங்கத்தைக்கூடக் கண்ணால் காணலாம், அரசின் போர்க்காலத் தடையால் பெற்றோலைக் காண முடியாது.

எங்கள் வண்டிகளெல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஆறிய எஞ்சின் மண்ணெண்ணெய்க்கு மசியாது. அதனால் கண்ணுக்கு மருந்து விடும் சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்போம். அதில் சில சொட்டைக் காபரேற்றருக்குள் பீய்ச்சி உதைத்தால் எஞ்சின் பிடிக்கும். சூடேறிய பிறகு மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடும். இடையில் நின்றுவிட்டால் திரும்பவும் பெற்றோல் வேண்டும்.

நான் உரும்பிராயில் தோட்டம் செய்யும் வீட்டுப் பிள்ளை. படிப்பு முடிந்தும் முடியாமலும் இருந்த வயது. பரீட்சை தள்ளிப்போனது, முடிவுகள் தள்ளிப்போயின, வேலை என்ற பேச்சே இல்லை. இருந்தால் மனம் எழும்பச் சொல்லும், எழும்பினால் எங்கே போவது என்று தெரியாது. அப்படித் திரிந்தவனுக்குப் பந்தயம் என்ற சொல்லே போதுமாக இருந்தது. கொடி விழுந்தால் போகலாம். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

வண்டி, மாமாவின் பழைய தொண்ணூறு சி.சி. கையில் காசில்லை. எண்ணெய்க் குழாய்க்கு ஆஸ்பத்திரிச் சேலைன் ரியூப், பிரேக்குக்குச் சைக்கிள் கம்பி, தலைக்குக் கவசமாக மாமாவின் சால்வை.

"மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணி மாற ஆளில்லை, உவர் ரேஸ் ஓடப் போறாராம்!" என்று அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னார். காதில் விழாத மாதிரி வந்துவிட்டேன்.

வயலில் வரிசையாக நின்றோம். என் வண்டி வழக்கம்போல முரண்டு பிடித்தது. கொண்டு வந்த பெற்றோல் முழுவதையும் குடித்த பிறகுதான் பிடித்தது. போகட்டும், இனி அணைய விடாவிட்டால் சரி என்று கைப்பிடியை முறுக்கிக்கொண்டே இருந்தேன். புகையில் கண் எரிந்தது. கொடிக்காரர் யாருடனோ கதைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அவரைப் பிடித்து உலுப்பலாம் போலிருந்தது.

அப்போதுதான் யாரோ கத்தினார்கள். "பொம்மர்! பொம்மர்!"

எங்கள் ஊரில் அதற்கொரு வழக்கம் உண்டு. குண்டு போடும் விமானம் என்று கேட்டால் உடனே எல்லா எஞ்சினையும் நிறுத்த வேண்டும். எந்தப் பக்கம் வருகிறது என்று காதால் கேட்டால்தான் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியும். ஒவ்வொன்றாக எல்லா வண்டியும் அடங்கின. என்னுடையது மட்டும் இரைந்தது. நிறுத்தினால் என் பந்தயம் முடிந்தது. கை வரவில்லை.

பக்கத்தில் நின்றவர் எட்டி என் சாவியைத் திருப்பினார். வட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர், என் வயதுதான் இருக்கும். அதற்கு முன் நான் அவரைக் கண்டதில்லை.

"ஐசே, உமக்கென்ன விசரோ? சனத்துக்குச் சத்தம் கேக்க வேண்டாமோ?"

சத்தம் கிழக்கிலிருந்து வந்தது. எல்லோரும் மேற்கே வாய்க்காலுக்குள் பாய்ந்தோம். விமானம் தலைக்கு மேலால் போனது, எங்கோ தூரத்தில் இரண்டு முறை நிலம் அதிர்ந்தது. அந்த நிலையிலும் நான் சாவியைத் திருப்பிய அந்தக் கையைத்தான் முறைத்துக்கொண்டு கிடந்தேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சத்தம் அடங்கியதும், ஒன்றுமே நடக்காததுபோல எல்லோரும் வந்து வண்டியை உதைத்தார்கள். அப்படித்தான் பழகியிருந்தோம். நானும் உதைத்தேன். ம்ஹூம்.

"பெற்றோல் இல்லையோ?" என்றார் அவர்.

"இல்லை. நீர்தானே நிப்பாட்டினனீர்."

அவர் வண்டியிலிருந்து இறங்கினார். தன் சின்னப் போத்தலை எடுத்து, கடைசிச் சொட்டுவரை என் காபரேற்றருக்குள் பீய்ச்சினார். என் வண்டி பிடித்தது. பிறகு தன் வண்டியை உதைத்தார், உதைத்தார், வியர்த்து வழிந்தது. அது அசையவில்லை.

"நீர் ஓடும். நான் வேறை நாளைக்கு ஓடுறன்" என்று சிரிக்கப் பார்த்தார்.

வேறு நாள் என்று ஒன்று வரும் என யார்தான் நம்பினோம் அப்போது! கொடி விழுந்தது. எல்லோரும் பாய்ந்து போனார்கள். அவரை விட்டுப் போக என்னால் முடியவில்லை.

"ஏறும்! கியரைப் போடும்!" என்று கத்தினேன்.

வழியில் நின்ற வண்டியை நாங்கள் வீடு சேர்ப்பது போலவே, அவருடைய பின் மிதியில் காலை ஊன்றி, என் வண்டியால் தள்ளிக்கொண்டு போனேன். சனம் கைகொட்டிச் சிரித்தது. அரைச் சுற்றில் அவருடைய எஞ்சின் இருமியது, வெள்ளையாகப் புகைத்தது, பிடித்துக்கொண்டது. பிடித்ததுதான் தாமதம், ஆள் என்னையும் முந்திக்கொண்டு பறந்துவிட்டார்!

பந்தயம் முடிந்தபோது எனக்குப் பின்னால் யாருமே இல்லை. அவர் கடைசிக்கு முந்தின ஆள். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அந்த வயலில் பிறகு பந்தயம் நடக்கவில்லை, அவரையும் நான் காணவில்லை.

வென்றிருந்தால் அந்த ஒரு போத்தல் பெற்றோல் எப்போதோ எரிந்து முடிந்திருக்கும். ஆனால் கொடி விழுந்தவுடன் அவரை அங்கேயே விட்டுவிட்டு நான் போயிருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம், இத்தனை வருடம் கழித்தும் எனக்கு இருப்புக்கொள்வதில்லை.