அக்காவுக்குக் கட்டிய பல்

சென்ற மாதம் சுங்கைப்பட்டாணியில் எனக்குப் பல் கட்டினார்கள். விழுந்தவை இரண்டு. அவற்றுக்காக இரு பக்கமும் இருக்கும் நல்ல பற்களையும் அராவ வேண்டும் என்று பல் மருத்துவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பயந்துவிட்டேன் என்று நினைத்து அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

சின்ன வயதில் பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். அப்போது எனக்கு ஏழு வயது. பால் வாளி சுமக்கும் காண்டாக் கம்பை எடுத்துச் சிலம்பம் சுற்றினேன். பின்னால் வந்த அக்காவின் வாயில் பட்டு முன்பற்கள் இரண்டு போயின. அப்பா என் தோலை உரித்துவிடுவார் என்று, படியில் வழுக்கி விழுந்ததாக அக்காவே சொல்லிவிட்டாள்.

சில வருடங்களாகத் தள்ளிப்போட்டதை, வரன் வரப்போகிறது என்றதும் அப்பா செய்தார். பாடாங் செராயில் பல் கட்டும் சீனரிடம் அக்காவை அழைத்துப்போனார். இரு பக்கத்து நல்ல பற்களையும் அராவித்தான் கட்டினார். சீனர் கைகாரர், பார்த்தால் தெரியவே தெரியாது. மாப்பிள்ளை வீட்டாரிடம் இதைச் சொல்ல வேண்டியதில்லை என்று பெரியவர்கள் முடிவு செய்துகொண்டார்கள்.

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் கடைசிப் பால்பல் ஒன்று விழுந்திருந்தது.

“என்ன தம்பி, பல்லக் காணோம்? எலி தூக்கிட்டுப் போயிருச்சா?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

“எனக்கு முளைச்சிரும்லா. அக்காவுக்குத்தான் முளைக்காது. பாடாங் செராய்ல போயி கட்டிக்கிட்டு வந்துச்சு.”

மாப்பிள்ளையின் அம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

“பல்லு எப்படிம்மா போச்சு?”

“படியில வழுக்கிட்டேங்க.”

“படியிலயா, யார்கிட்டயாவது அடி வாங்குனியா? மறைக்கிறதப் பாத்தா வேற மாதிரில்ல இருக்கு?”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மாப்பிள்ளையின் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“படியிலதாங்க,” என்றாள் மறுபடியும்.

சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். சொல்லி அனுப்பவில்லை. பேச்சு தோட்டம் தோட்டமாகப் பரவியது. சுங்கை லாலாங்கிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தவர்களும் வரவில்லை.

அன்று மாப்பிள்ளை வீட்டார் போனதும் அப்பா என்னை அடிக்க இடுப்பு வாரை உருவினார். அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

“விடுங்கப்பா. சின்னப் பய, உண்மையத்தானே சொன்னான்.”

அவள் என்னை மெச்சுகிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். இனி அக்கா எங்களை விட்டு எங்கேயும் போக மாட்டாள் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷமும்கூட.

அவள் போகவில்லை. சாகும்வரை எங்களோடுதான் இருந்தாள்.